பிள்ளை கையில் இருக்கும் மவுசைத் தொடாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில், கோவையிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் இருவர் ஆறாம் வகுப்புக்கு முதல் புரோகிராமிங் பாடம் எடுத்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எட்டு வருஷத்துக்கு முன் நான் அடித்த கூத்தெல்லாம் வரிசையாக வந்தன. ப்ரொஜெக்டர் ஒயரை மறப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் சரியாகிவிடும்.

வரலாற்றில் ஆரம்பிப்பது

கணினியின் தந்தை சார்லஸ் பாபேஜ் காத்திருப்பார். முதலில் ஸ்கிராட்ச் திரையில் நிற்கும் பூனையை நகர்த்துங்கள். (ஸ்கிராட்ச் என்பது கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதும் மென்பொருள்.)

இணையத்தை நம்பி மலையேறுவது

ஸ்கிராட்ச் இணையம் இல்லாமலும் ஓடும். பென் டிரைவில் கொண்டுவந்து, முந்தின நாளே எல்லாக் கணினியிலும் ஏற்றிவிடுங்கள்.

சதுரத்தோடு நிறுத்துவது

100 அடி நட, 90 டிகிரி திரும்பு, நான்கு தடவை. சதுரம் வந்ததும் வகுப்பே கைதட்டும். ஆனால் சதுரத்தின் உள்கோணமும் 90, மூலையில் பூனை திரும்புவதும் 90. எந்த 90-ஐப் போட்டோம் என்று தெரியாமலே படம் சரியாக வந்துவிடுகிறது. முக்கோணம் போடச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும்.

மவுசைப் பிடுங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். முதல் வருஷம் ஒரு சிறுமி முக்கோணத்துக்கு அதன் உள்கோணமான 60 டிகிரியையே போட்டாள். மூன்று கோடு விழுந்தது, மூடவில்லை. பூனை வந்த பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. "டீச்சர், ஹேர்பின் பெண்ட் மாதிரி இருக்கு!" என்று சிரித்தாள். எவ்வளவு சரியாகச் சொன்னாள்! மூன்று அறுபது 180, அதாவது நேர் எதிர்த்திசை. குன்னூர் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு அது தெரியாதா?

நான் என்ன செய்தேன்? மணி அடிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அவள் தோளுக்கு மேல் கையை நீட்டி, மவுசை வாங்கி, 60-ஐ 120 ஆக்கினேன். "பார், வந்துடுச்சு." வந்தது, எனக்கு. மூன்றை ஆறாக்கிப் பார் என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த 60-ஐ வைத்தே அறுகோணம் போட்டிருப்பாள்.

அடுத்த வாரம் ஐங்கோணம். நான் பக்கத்தில் போனதும் மவுசை விட்டுவிட்டு, இரண்டு கையையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். "நீங்களே போட்டுடுங்க டீச்சர்." அந்தக் கையை வெளியே வரவைக்க அந்தப் பருவம் முழுக்க ஆனது.

இப்போது என் கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். யாராவது முட்டி நின்றால் முற்றத்துக்கு அனுப்பிவிடுவேன். 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ என்ற புரோகிராமிங் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமூர் பேப்பர்ட், அதில் நம் பூனை மாதிரி திரையில் கோடு போட்டுப் போகும் ஆமையாகக் குழந்தை தன்னை நினைத்து நடந்து பார்க்கவேண்டும் என்றார். அதே வழிதான். மூன்று செருப்பை மூலைக்கு ஒன்றாக வைத்து நடக்கச் சொல்வேன். ஒவ்வொரு மூலையிலும் மூக்கு எவ்வளவு திரும்பியது? சுற்றி முடித்தால் கிளம்பின திசையிலேயே நிற்கிறாய். அப்படியானால் மொத்தம் 360, மூன்று திருப்பம். ஒரு பையனுக்கு இதற்கே நாற்பது நிமிஷம் ஆனது. உள்ளே ஓடிப்போய் அவனே 120 போட்டான். ஐங்கோணம் அன்றைக்கு நடக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொண்டோம்.

சேமிக்காமல் விடுவது

கரண்ட் போகும்.