வாஷிங்டன் பெய்ட் லீவ்: ஏழு பேர் வேலை பார்க்கும் கடைக்குக் கணக்குக் கொடுப்பது எப்படி?

வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் என் மனைவி ஒரு சின்ன கேட்டரிங் கிச்சன் நடத்துகிறார். சமையல் அவர் கை, கணக்கு என் தலை. பெய்ட் லீவ் என்பது குடும்ப, மருத்துவக் காரணத்துக்காக விடுப்பு எடுக்கும் ஊழியருக்கு மாநிலமே பணம் கொடுக்கும் திட்டம்; அதற்கான பிரீமியத்தில் ஊழியருக்கு ஒரு பங்கு, முதலாளிக்கு ஒரு பங்கு. ஆரம்பத்தில் தெரிந்தவர் ஒருவர், “அம்பது பேருக்குக் கீழேன்னா பெய்ட் லீவ் உங்களுக்குக் கிடையாது” என்றார். நம்பினேன். அந்த ஒரு வரி எனக்கு 395 டாலர் செலவு வைத்தது.

50 பேருக்குக் குறைவாக இருந்தால் முதலாளியின் பங்கைக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். ஊழியரின் பங்கைப் பிடித்துக் கட்டியாக வேண்டும். காலாண்டு அறிக்கையும் கொடுத்தாக வேண்டும்.

1. கணக்கு திறப்பது

செக்யூர் ஆக்சஸ் வாஷிங்டன் என்ற மாநில அரசுத் தளத்தில் லாகின் உருவாக்கி, அதில் பெய்ட் ஃபேமிலி அண்ட் மெடிக்கல் லீவ் சேவையைச் சேர்க்கவும். உங்கள் யூபிஐ எண்ணைக் கேட்கும். ஜிபேயில் வரும் யூபிஐ இல்லை. பிசினஸ் லைசென்ஸில் இருக்கும் ஒன்பது இலக்க எண்.

வேலையின்மைக் காப்பீட்டு அறிக்கையையும் பெய்ட் லீவை நடத்தும் அதே எம்ப்ளாய்மென்ட் செக்யூரிட்டி டிபார்ட்மென்ட்தான் வாங்குகிறது. அதைக் கொடுத்துவிட்டதால் இதுவும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் தனித்தனி.

2. சம்பளத்தில் பிடிப்பது (நான் வழுக்கி விழுந்த இடம்)

2025இல் மொத்த பிரீமியம் 0.92%. இதை அப்படியே ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அதில் 71.52% மட்டுமே அவர் பங்கு. 1,000 டாலர் சம்பளம் என்றால் மொத்தம் 9.20, ஊழியர் பங்கு 6.58. மிச்சம் 2.62 முதலாளியுடையது; நம்மைப் போன்ற சின்னக் கடைக்கு அது தள்ளுபடி. பேரோல் மென்பொருள் வைத்திருப்பவர்கள், அதில் 50 பேருக்குக் குறைவு என்று குறித்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

நான் ஒரு காலாண்டு முழுக்க எதுவுமே பிடிக்கவில்லை. தெரிந்ததும், அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முடியாது! சம்பளம் கொடுக்கும்போது பிடிக்காமல் விட்டால், அந்தப் பங்கை முதலாளியே ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலாண்டில் மொத்தச் சம்பளம் 60,000 டாலர். ஊழியர் பங்கு சுமார் 395. கைக்காசு போனது. அதனால் முதல் சம்பளத்துக்கு முன்பே இந்த விகிதத்தை ஏற்றிவிடுங்கள்.

3. அறிக்கை

கெடு ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31. ஒவ்வொருவரின் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், சம்பளம், வேலை செய்த மணிநேரம் கேட்பார்கள். மணிநேரத்தைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். ஓர் ஊழியர் விடுப்புக் கேட்கும்போது, அவர் 820 மணிநேரம் வேலை செய்திருக்கிறாரா என்று நாம் கொடுத்த கணக்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

ஏழெட்டுப் பேர் என்றால் கையாலேயே தட்டச்சு செய்யுங்கள். எக்செல்லில் தயாரித்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றும் வழி எனக்குப் பிடிக்காது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணை எக்செல் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கட்டாயம் கோப்புதான் என்றால் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக மாற்றிய பிறகு எண்ணைப் போடுங்கள்.

அந்தக் காலாண்டில் சம்பளமே கொடுக்கவில்லையா? அதையும் அறிக்கையாகச் சொல்ல வேண்டும்.

4. யாராவது விடுப்பு எடுத்தால்

விண்ணப்பிப்பது ஊழியர், பணம் கொடுப்பது மாநிலம். நமக்கு இரண்டு வேலை. அறிவிப்பு போஸ்டரை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவது ஒன்று. குடும்ப, மருத்துவக் காரணத்துக்காக ஒருவர் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வரவில்லை என்று தெரிந்தால், ஐந்து வேலை நாளுக்குள் அவருடைய உரிமைகளை எழுத்தில் கொடுப்பது மற்றொன்று.

பின்சேர்க்கை: கமென்டில் இருவர், “எச்1பியில் இருக்கிறவருக்கும் பிடிக்கணுமா?” என்று கேட்டிருந்தார்கள். பெய்ட் லீவுக்குப் பிடிக்க வேண்டும். விசாக்காரர்களுக்கு விலக்கு இருப்பது டபிள்யூஏ கேர்ஸ் என்ற மாநில நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டின் 0.58% பிடித்தத்துக்கு. இரண்டும் ஒரே அறிக்கையில் போவதால்தான் இந்தக் குழப்பம்.

2026 பின்சேர்க்கை: விகிதம் இப்போது 1.13%, ஊழியர் பங்கு 71.43%. 1,000 டாலருக்கு 8.07. பழைய ஷீட்டை அப்படியே நகலெடுக்காதீர்கள். விடுப்பு முடிந்து திரும்புகிறவருக்கு அதே வேலையைக் கொடுக்க வேண்டும் என்ற விதி இந்த ஆண்டு 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு வந்துவிட்டது. 2027இல் 15 பேர், 2028இல் 8 பேர். நாங்கள் ஏழு பேர். மனைவி இன்னொரு தோசை மாஸ்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.