லினக்ஸில் வைஃபை வரவில்லையா? டிரைவரில் கை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு பக்கத்திலிருந்து வருபவர் ‘நெட் கிட்டுன்னில்ல’ என்பார். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருபவர் ‘வைஃபை வர மாட்டேங்குதுங்க’ என்பார். கோளாறு ஒன்றுதான்.

இந்த எல்லையோரத்தில் லினக்ஸ் மெஷின் நிறையவே வரும். கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017-ல் கைட் என்ற நிறுவனமானது. அவர்கள் உபுண்டுவை வைத்து உருவாக்கிய கைட் குனு லினக்ஸ்தான் இங்கே பள்ளிகளில் ஓடுகிறது. அதில் பழகிய ஆசிரியர்கள் வீட்டு லேப்டாப்பிலும் அதையே போடச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டு பக்கத்து மெஷினும் என் மேஜைக்கு வரும்.

கடையில் இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். போன வாரம் மூத்தவன் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தான். ஒரு கையில் போன், அதைப் பார்த்துப் பார்த்து டெர்மினலில் கட்டளை. ஏதோ கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் செய்து கெட்ட அதே காரியம். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டு தப்பு, ஏர்பிளேன் மோடு போன்றவற்றைச் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

சிப்பைப் பார்க்காமல் கம்பெனிப் பெயரைத் தேடுவது

‘இந்த கம்பெனி லேப்டாப்புக்கு லினக்ஸ் வைஃபை டிரைவர்’ என்று தேடினால் எதுவும் உருப்படியாகக் கிடைக்காது. லேப்டாப் கம்பெனி வேறு, உள்ளே இருக்கும் வைஃபை சிப் கம்பெனி வேறு. ஒரே மாடலில் ஒரு தொகுப்பில் இன்டெல் கார்டும் அடுத்ததில் ரியல்டெக் கார்டும் வரும்.

உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே சேர்த்து ஓட்டுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற இடத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சதுர அடைப்புக்குள் இருக்கும் எண். முன்பாதி கம்பெனி, பின்பாதி சிப். இன்டெல் என்றால் 8086, பிராட்காம் என்றால் 14இ4, ரியல்டெக் என்றால் 10இசி. இரண்டு, ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா என்பது. கெர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, டிரைவர் என்பது சிப்பை இயக்கும் மென்பொருள். இருந்தால் டிரைவர் ஏற்கெனவே சிப்பைப் பிடித்துவிட்டது, கோளாறு வேறு எங்கோ. மூன்று, அந்த வரி இல்லாமல் ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ மட்டும் இருக்கிறதா என்பது. அப்படியானால் டிரைவர் கைவசம் இருக்கிறது, ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. இந்த மூன்றையும் பேப்பரில் எழுதும் வரை வேறு எதையும் தட்டக் கூடாது என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

யூஎஸ்பி டாங்கிள் என்றால் எல்எஸ்யூஎஸ்பி. அதில் அட்டைப்பெட்டிப் பெயரை நம்பவே முடியாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, லினக்ஸில் செருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப். பெயர் ஒன்றே, டிரைவர் முற்றிலும் வேறு.

டிரைவரையும் ஃபர்ம்வேரையும் குழப்பிக்கொள்வது

டிரைவர் கெர்னலில் ஓடுவது. ஃபர்ம்வேர் சிப்புக்குள் ஏற்றப்படுவது. டிரைவர் சரியாக இருந்தும் ஃபர்ம்வேர் ஃபைல் இல்லாவிட்டால் வைஃபை வராது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்ஈஎஸ்ஜி கட்டளையில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, எரர் மைனஸ் 2 என்று வரும். மைனஸ் 2 என்றால் அந்த ஃபைல் அங்கே இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பேக்கேஜைப் போட்டால் முடிந்தது. டெபியனில் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் இந்த ஃபர்ம்வேர்கள் இன்ஸ்டாலரிலேயே வருகின்றன. அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் மெஷின் என்றால் முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆர்எஃப்கில் பார்க்காதது

ஆர்எஃப்கில் என்பது வைஃபை ரேடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் கட்டளை. அதில் ஹார்ட் பிளாக் ‘யெஸ்’ என்று இருந்தால், அதாவது மெஷினின் ஸ்விட்சே அணைத்திருந்தால், டிரைவரைத் தொடாதீர்கள்.

மேக் இன்ஸ்டால் அடித்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்வது

இன்றுவரை என்னை உறுத்துவது இதுதான். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தமிழ் மீடியம் பள்ளி டீச்சர் ஒருவர் புது லேப்டாப் கொண்டுவந்தார். உபுண்டு 20.04, கெர்னல் 5.4. வைஃபை சிப் ரியல்டெக் 8821சிஈ. அந்தச் சிப்புக்கு அப்போது கெர்னலுக்குள் டிரைவர் கிடையாது, 5.9-ல்தான் சேர்ந்தது. சரி, டிரைவரின் சோர்ஸை (மூல நிரலை) இறக்கினேன், அதைக் கட்ட மேக், அப்புறம் மெஷினில் போட மேக் இன்ஸ்டால். ரீபூட் செய்ததும் மூலையில் வைஃபை படம் வந்தது. மெஷின் சுத்தமாக இருக்கட்டும் என்று சோர்ஸ் ஃபோல்டரையும் அழித்துவிட்டேன். 350 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துக் காலை ஏழரைக்கு போன். ‘தம்பி, வைஃபையே காட்ட மாட்டேங்குது. இன்னிக்கு மார்க் ஏத்தணும், கடைசி நாள்.’ எதையும் தொடவில்லை என்றார். உண்மைதான். தொட்டது உபுண்டு. பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக இறங்கும்படிதான் அதில் இருக்கும். ராத்திரி புதுக் கெர்னல் ஏறியிருந்தது.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் லிப் ஃபோல்டருக்குள் மாட்யூல்ஸ் என்ற இடத்தில் தனி ஃபோல்டர் உண்டு. மேக் இன்ஸ்டால் என்பது அன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்காகக் கட்டிய டிரைவரை, அந்தக் கெர்னலின் ஃபோல்டருக்குள் போடுகிறது. அவ்வளவுதான். பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மாறினாலும் புது ஃபோல்டர். அதில் நாம் போட்டது இருக்காது. பழைய ஃபைலைத் தூக்கி அங்கே வைத்தாலும் கெர்னல் பதிப்பைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடும். ஆக, அடுத்த அப்டேட் வந்ததும் வைஃபை போவது உறுதி. அது தெரியாமல்தான் நான் காசு வாங்கியிருக்கிறேன்.

அன்று போனிலேயே மறுபடி மேக் இன்ஸ்டால் அடிக்கச் சொன்னேன். எதை வைத்து? சோர்ஸைத்தான் அழித்துவிட்டேனே. பூட் ஆகும்போது கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வைஃபை வந்திருக்கும். அதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. பாவம், பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் லேப்டாப்பை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். என் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, கடை மேஜையிலேயே உட்கார்ந்து மார்க்கை ஏற்றி முடித்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ‘சரி பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன் தம்பி’ என்று மட்டும் சொன்னார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து, லினக்ஸ் வேண்டாம், விண்டோஸ் போட்டுக் கொடுங்கள் என்றார். லினக்ஸை விரும்பிப் பயன்படுத்திய ஒருவர் என் வேலையால் அதை விட்டுப் போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

இதில் பெரிய கொடுமை, அந்த டிரைவர் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே டிகேஎம்எஸ் பேக்கேஜாக இருந்தது. ஒரே வரியில் போட்டிருக்கலாம். நான் தேடவே இல்லை.

டிகேஎம்எஸ் செய்வது இதுதான்: டிரைவரின் சோர்ஸைத் தன்னிடம் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதுக் கெர்னல் ஏறும்போதும் அதற்கென்று மறுபடி கட்டிக் கொடுக்கும். வெளியிலிருந்து டிரைவர் போட்டே தீர வேண்டும் என்றால் இந்த வழியில் மட்டும் போடுங்கள்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டுவதற்குக் கெர்னல் ஹெடர்ஸ், அதாவது அந்தக் கெர்னலுக்கு ஏற்றபடி டிரைவரைக் கட்ட உதவும் ஃபைல்கள், வேண்டும். பலரும் இப்போது ஓடும் கெர்னலுக்கு உரிய ஹெடர்ஸை மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அடுத்த கெர்னல் வரும்போது அதற்கு ஹெடர்ஸ் இல்லை, டிகேஎம்எஸ் கட்ட முடியாமல் நின்றுவிடும். பதிப்பு எண் இல்லாத பொதுப் பேக்கேஜைப் போட வேண்டும். உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக், டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64. போட்டபின் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளையில் உங்கள் கெர்னல் எண்ணுக்கு நேராக ‘இன்ஸ்டால்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். அதைப் பார்க்காமல் மெஷினை ஒப்படைக்காதீர்கள்.

போன வாரம் பையன் மல்லுக்கட்டிய லேப்டாப்புக்கு வருகிறேன். அதே 8821சிஈ சிப். ஆனால் ஓஎஸ் 22.04, கெர்னல் 5.15. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வந்து காலம் ஆயிற்று. பிறகு ஏன் வைஃபை இல்லை? முன்பு யாரோ ஒரு மெக்கானிக் வெளி டிரைவர் போட்டபோது, கெர்னல் டிரைவர் குறுக்கே வரக் கூடாது என்று ஈடிசிக்குள் மாட்புரோப்.டி ஃபோல்டரில் பிளாக்லிஸ்ட் வரி ஒன்று எழுதி வைத்திருக்கிறார். ஓஎஸ் அப்கிரேடில் அவர் டிரைவர் போய்விட்டது, அவர் எழுதிய வரி அப்படியே நின்றுவிட்டது. நல்ல டிரைவரை அந்த ஒற்றை வரி வாசலிலேயே நிறுத்தியிருந்தது. எல்எஸ்பிசிஐ அதைத்தான் காட்டியது: ‘மாட்யூல்ஸ்’ உண்டு, ‘இன் யூஸ்’ இல்லை. வரியை அழித்து, டிரைவரை ஏற்றும் மாட்புரோப் கட்டளையை அடித்தேன். பையன் கண்ணெதிரே பக்கத்து பேக்கரியின் வைஃபை உட்பட ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாக வந்தன.

செக்யூர் பூட் இருப்பதை மறப்பது

டிகேஎம்எஸ் சரியாகக் கட்டியிருக்கும், மாட்புரோப் மட்டும் ‘கீ ரிஜெக்டட்’ என்று மறுக்கும். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரைச் செக்யூர் பூட் என்ற மெஷினின் பாதுகாப்பு உள்ளே விடாது. பேக்கேஜ் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், அதில் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கச் சொல்லி 10 நொடிதான் தரும். அங்கே ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். நீலத் திரையைக் கண்டு பயந்து பலரும் ‘கன்டினியூ பூட்’ கொடுத்துவிடுகிறார்கள், பதிவு அத்தோடு போயிற்று. இந்த ரீபூட்டை உங்கள் கையால் செய்துவிட்டுக் கொடுங்கள்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்பீர்கள். பக்கத்தில் விண்டோஸ் இருந்து அதில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அடுத்த முறை அது ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம். வாடிக்கையாளரிடம் கீ இருக்கிறதா என்று கேட்காமல் அணைக்கவே கூடாது.

பிராட்காம் என்றதும் கண்டதையெல்லாம் போடுவது

பி43, பிஆர்சிஎம்எஸ்மேக், டபிள்யூஎல் என்று பல டிரைவர்கள். ஒரு சிப்பை ஒரு டிரைவர்தான் பிடிக்க முடியும். பழைய லேப்டாப்புகளில் நிறைய வரும் பிசிஎம்43142, அதாவது 14இ4:4365, டபிள்யூஎல் மட்டுமே ஏற்கும். எண்ணைப் பாருங்கள், ஒன்றைப் போடுங்கள்.

சிக்னல் குறைவுக்கும் டிரைவரை மாற்றுவது

ரௌட்டர் பக்கத்திலேயே வைத்தும் ஒரு கோடுதான் காட்டுகிறதா? பின்மூடியைக் கழற்றுங்கள். கார்டின் ஓரத்தில் மிளகு அளவில் இரண்டு பித்தளை வளையங்கள், அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஆன்டெனா வயர்கள். ரேம் மாற்றும்போது கை பட்டு ஒன்று கழன்றிருக்கும். வளையத்தின் மேல் நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும், அப்புறம் கார்டையே மாற்ற வேண்டியதுதான்.

வயர் சரியாக இருந்து சிப் ரியல்டெக் 8723பிஈ என்றால், ஒரே ஒரு ஆன்டெனா வைத்த மெஷின்களில் டிரைவர் வயர் இல்லாத முனையில் தேடிக்கொண்டிருக்கும். ஆன்ட்_செல் என்ற ஆப்ஷனை 1 அல்லது 2 என்று கொடுத்துப் பாருங்கள்.

டாங்கிள் சிடி டிரைவாகத் தெரிந்தால் கெட்டுப்போனது என்று தூக்கி எறிவது

எல்எஸ்யூஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் அது விண்டோஸ் டிரைவர் இருக்கும் சிடியாக நடித்துக்கொண்டிருக்கிறது. அதை வைஃபையாக மாற்றும் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் பேக்கேஜைப் போடுங்கள்.

என்டிஐஎஸ்ராப்பர் (விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட்டும் கருவி)

வேண்டாம்.

ஓஎஸ்ஸை மறுபடி போடுவது

வேண்டவே வேண்டாம். ஃபர்ம்வேர் இல்லாத டிஸ்கை எத்தனை முறை போட்டாலும் ஃபர்ம்வேர் இல்லாமல்தான் வரும்.

செய்ததை எழுதி வைக்காமல் விடுவது

அந்தப் பிளாக்லிஸ்ட் வரியை எழுதியவர் ஒரு குறிப்பு வைத்திருந்தால் பையனின் ஒன்றரை மணி நேரம் மிஞ்சியிருக்கும். இப்போது கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு லினக்ஸ் மெஷினின் டெஸ்க்டாப்பிலும் ‘வைஃபை’ என்ற பெயரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. சிப் எண், கெர்னல், என்ன போட்டோம், எங்கே எழுதினோம். பையன் எழுதிய முதல் ஃபைல் இப்படி இருந்தது: ‘10இசி:சி821. கெர்னல் 5.15-லேயே டிரைவர் இருக்கிறது. பழைய பிளாக்லிஸ்ட் வரியை எடுத்தாச்சு. வெளி டிரைவர் எதுவும் போடவில்லை.’