மீனவர்களின் படகுத்துறையில் பாய்மரப் படகை நங்கூரம் போடும்போது நடக்கும் தவறுகள்

பொழுது சாயும் நேரத்தில் துறைக்குள் நுழைவதுதான் பெரிய தவறு. வெப்பமண்டலக் கடலில் பவளப்பாறையைக் காட்டிக்கொடுப்பது வெயில்தான். சூரியன் உயரத்தில், உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் தண்ணீரின் நிறமே ஆழத்தைச் சொல்லிவிடும்: கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பாறை. போலராய்டு கண்ணாடி போட்ட ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்று வழி சொல்ல வேண்டும். வெயில் எதிரே அடித்தால் கடல் வெறும் தகரத் தகடுதான். நேரம் தப்பிவிட்டதா, பாயைக் குறைத்துக்கொண்டு வெளிக்கடலிலேயே இரவைக் கழியுங்கள். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று துணிய வேண்டாம். ஒதுக்குப்புறக் கரைகளின் வரைபடங்கள் பல, செயற்கைக்கோள் காலத்துக்கு முன்பு அளந்தவை. திரையில் படகு நல்ல தண்ணீரில் இருக்கும், நிஜத்தில் பாறைமேல் நிற்கும்.

அடுத்தது, படகே இல்லாத இடத்தைக் காலி இடம் என்று நினைப்பது. விடியலுக்கு முன் எல்லோரும் கடலுக்குப் போகும் தடமாக அது இருக்கலாம். கரைவலை இழுக்கும் இடமாகவும் இருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் கேன் மிதந்தாலும் அடியில் வலை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினின் காற்றாடியில் (தண்ணீருக்குள் சுழலும் விசிறியில்) வலை சிக்கிவிட்டால் உடனே கியரை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். கத்தியை எடுப்பது கடைசி வழி, ஏனென்றால் அந்த வலை ஒருவருடைய பிழைப்பு.

எதிரே வரும் வள்ளக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் "ஆழம் இருக்கு" என்று அவர் சொல்வது தன் வள்ளத்தை வைத்து. அதற்கு அரை மீட்டர் போதும். உங்கள் படகின் அடிக்கட்டை தண்ணீருக்குள் 2 மீட்டர் இறங்கியிருக்கும். அதைக் கையால் அளந்து காட்டிக் கேளுங்கள்.

நங்கூரச் சங்கிலியில் கஞ்சத்தனம் கூடாது. ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1, ஓதம் (கடல் ஏற்றம்) இன்னும் 1 ஏறும் என்றால் கணக்கு 7. அதில் 5 மடங்கு, அதாவது 35 மீட்டர் விட வேண்டும். கயிறு என்றால் 7 மடங்கு. மணலில்தான் போட வேண்டும். பவளத்தில் போட்டால் அதுவும் உடையும், சங்கிலியும் சிக்கும். அப்புறம் படகை மெதுவாகப் பின்னால் இழுத்து, நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் சங்கிலியில் உள்ளங்கையை வையுங்கள். கடகடவென அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பகலில் கடற்காற்று, இரவில் கரைக்காற்று. மாலையில் நங்கூரத்திலிருந்து கரைப் பக்கமாக நீண்டிருந்த படகு நடுஇரவில் நேர் எதிராகக் கடல் பக்கம் திரும்பியிருக்கும். அந்த முழு வட்டத்திலும் பாறை இல்லையா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பாய்மர உச்சியில் வெள்ளை விளக்கு எரிகிறது, போதும் என்று தூங்கப் போகாதீர்கள். இருட்டில் தாழ உட்கார்ந்து வள்ளம் ஓட்டி வருபவர் அண்ணாந்து பார்க்கமாட்டார். தளத்துக்கு அருகிலும் ஒரு விளக்கைத் தொங்கவிடுங்கள்.