ஹைட்ராலிக் கிளட்ச்: வீட்டு வாசலிலேயே சிலிண்டர் மாற்றி ஏர் எடுப்பது எப்படி

கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். ரிவர்ஸ் போட்டதும் கியர் 'கர்ர்ர்' என்று அலறியது. கிளட்ச் பெடலை மிதித்தால் தரையோடு ஒட்டிக்கொண்டது, மேலே வரவில்லை. பாதத்தை அடியில் கொடுத்து நெம்பி நெம்பித்தான் பாபநாசம் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் வந்து சேர்ந்தேன். வண்டி பத்து வயசான மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் ரோட்டில் அது மூன்றாவது கியரைத் தாண்டுவதே விசேஷம், அது தனிக்கதை.

பட்டறை ஒன்றில், "கிளட்ச் செட்டே போச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். இறக்கியிருந்தால் தண்டச் செலவு. ஸ்பேனரைத் தொடும் முன் கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள்.

கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் மட்டும் எகிறும், வண்டி வேகம் பிடிக்காது. ஹைட்ராலிக் கோளாறு இதற்கு நேர் எதிர்: கிளட்ச் முழுசாகப் பிரியாது, கியர் விழ அடம்பிடிக்கும். பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கி கியரை இதமாக விழவைக்கும் அமைப்பு) கிடையாது என்பதால் முதல் சத்தம் அங்கிருந்துதான் வரும். பெடலை நாலைந்து தடவை வேகமாக மிதித்தால் கொஞ்ச நேரம் சரியாகும். அப்படியானால் சந்தேகம் சிலிண்டர் மேல்.

உள்ளே நடப்பது இதுதான். பெடல், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். அதிலிருக்கும் பிரேக் ஆயில், குழாய் வழியாகப் போய் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். ஸ்லேவ், ஃபோர்க் என்கிற நெம்புகோலைத் தள்ள, கிளட்ச் பிரியும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி உட்கார்ந்திருந்தால் உங்கள் மிதி அதை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

அப்பாவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். "ஃபுட் வால்வு ஒழுகினா மோட்டார் சும்மா சுத்துமே, அதானடா?" என்றார். அதேதான். உறிஞ்சு குழாயில் காற்று ஏறிவிட்டால், தண்ணீர் ஊற்றி அந்தக் காற்றை விரட்டும் வரை பம்புசெட் ஒரு சொட்டு தூக்காது. ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் போர் மோட்டாரோடு மல்லுக்கட்டிய வீடுகளுக்கு கிளட்ச் ஏர் எடுப்பது புது வித்தை இல்லை.

டார்ச்சோடு குனிந்து பாருங்கள். பெடலுக்கு மேலோ கீழே கால்மிதி விரிப்பிலோ பிசுபிசுப்பு இருந்தால் மாஸ்டர் ஒழுகுகிறது. ஸ்லேவின் வாயை மூடியிருக்கிற ரப்பர் உறையை விரலால் சற்று விலக்கும்போது ஆயில் வழிந்தால் ஸ்லேவ். என் வண்டியில் உறைக்குள் கறுப்பாக, கரிசாலை மை மாதிரி ஒரு குழம்பு நின்றது. ரப்பர் சீல் தேய்ந்து கரைந்த கோலம் அது. ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு வெளியே இரண்டு போல்ட்டில் நின்றால் இந்தப் பதிவு உங்களுக்கு. உள்ளே, கிளட்ச்சை அழுத்திப் பிரிக்கிற ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்த வகை என்றால் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும், முதல் தடவைக்காரர்கள் அதில் கை வைக்காதீர்கள்.

ஒன்று போயிருந்தாலும் இரண்டு சிலிண்டரையும் மாற்றுங்கள். ஒரே வயசு சீல்கள், அடுத்தது சீக்கிரமே கையை விரிக்கும். ரப்பர் ஹோஸ் உப்பியிருந்தால் அதையும். ஆயில், பானட்டுக்குள் இருக்கிற ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கிற ரகம்தான். பெரும்பாலும் டாட் 4. டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. சீல் உடைக்காத புட்டியே வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும், ஈரம் ஏறினால் அந்தக் குறைந்தபட்ச அளவு 155க்கு இறங்கிவிடும். அதே ஈரம்தான் சிலிண்டர் உள்சுவரில் துரு பிடிக்கவைத்து சீலை அறுக்கிறது. வருஷத்தில் பாதி நாள் வயலில் தண்ணீர் நிற்கிற ஊரில் பாதி புட்டியைப் பரணில் வைத்து அடுத்த வருஷம் ஊற்றுவது வம்பு.

அடுத்தது ஜாக்கி. காவிரி வண்டல் மண் நடவுக்கு நல்லது, ஜாக்கிக்கு எமன். ஈரம் இருந்தால் ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். சிமெண்ட் களத்தில் நிறுத்துங்கள். வழியில்லையென்றால் தடித்த பலகை போட்டு அதன்மேல் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். செங்கல் அடுக்குவது ஸ்டாண்ட் ஆகாது, வெடித்துப் பொடியாகிவிடும். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

டப்பாவில் இருக்கிற பழைய ஆயிலை சிரிஞ்சில் உறிஞ்சி எடுங்கள். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா. கிளட்ச் குழாய் கொஞ்சம் மேலே இருக்கும், அந்த மட்டத்தோடு நிறுத்திவிட்டால் பிரேக்கில் காற்று ஏறாது. இந்த ஆயில் வண்டியின் பெயிண்டில் பட்டால் பெயிண்டையே உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஸ்லேவ் போல்ட்டில் நிற்கும்போதே குழாய் நட்டைத் தளர்த்துங்கள், கழற்றிய பிறகு முறுக்கினால் குழாய்தான் முறுக்கிக்கொள்ளும். திறந்த ஸ்பேனர் போட்டால் நட்டு உருண்டையாகிவிடும், குழாய் நட்டுக்கென்று வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் கிடைக்கும். பிறகு இரண்டு போல்ட். புஷ்ராடு (ஃபோர்க்கைத் தள்ளுகிற கம்பி) விழுந்து தொலையாமல் பாருங்கள். பன்ஜோ போல்ட் (ஆயில் ஊடே போக நடுவில் துளையிட்ட போல்ட்) இருந்தால் செம்பு வாஷர் புதிதுதான். பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எதுவும் சீல் பக்கம் வரக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். துடைக்கச் சுத்தமான பிரேக் ஆயிலே போதும்.

மாஸ்டர் மாற்றுவது எளிது, வசதிதான் கிடையாது. டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, பெடல் பின்னின் கிளிப்பைக் கழற்றி, இரண்டு நட்டு. கண்ணாடி போட்டவர்கள் கழற்றி வைத்துவிடுங்கள். புது மாஸ்டரைப் பொருத்தும் முன் ஆயில் ஊற்றி, பிஸ்டனைக் கையால் மெதுவாக அமுக்கிக் குமிழி அடங்கும்வரை பாருங்கள். இந்த ஐந்து நிமிஷம் பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி ஏர் எடுப்பது. டப்பாவை நிரப்பி, ஸ்லேவில் காற்றை வெளியேற்ற இருக்கிற சின்னத் திருகான நிப்பிளில், மீன் தொட்டிக்குப் போடுகிற உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் விட்ட புட்டிக்குள் முக்குங்கள். நிப்பிளைத் திறந்து சும்மா விடுங்கள், பத்து நிமிஷத்தில் தானாகச் சொட்டும். பெரிய குமிழிகள் இப்படியே போய்விடும், பிறகு நிப்பிளை மூடுங்கள்.

அடுத்து ஒரு ஆள் பெடலில் வேண்டும். எனக்கு அப்பா. "மிதிங்கப்பா" என்றால் மெதுவாக மிதித்து, அடியில் நிறுத்தி, "மிதிச்சாச்சு" என்று அவர் சொல்லவேண்டும். நான் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயிலும் குமிழியும் வந்ததும் மூடி, "விடுங்க" என்பேன். மூடும் முன் காலை எடுத்தால் அதே காற்று திரும்ப உள்ளே. முதல் நாலு தடவையும் அப்பா என் "விடுங்க"வுக்கு முன்பே விட்டார். "தம்பி, நீ சொன்ன மாதிரிதான் கேட்டுச்சு" என்று சாதித்தார். ஐந்தாவது தடவையிலிருந்து வாய்விட்டு எண்ணச் சொன்னேன், சரியானது. பெடல் ஒட்டிக்கொண்டால் கையால் தூக்கிவிடவும். ஐந்து தடவைக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள், காலியானால் ஆரம்பத்திலிருந்து.

இருபது முப்பது மிதிக்குப் பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் ஸ்லேவின் மேல் மூலையில் குமிழி பதுங்கியிருக்கிறது. நிப்பிளை மூடிவிட்டு ஸ்லேவைக் கழற்றி (குழாய் அப்படியே இருக்கட்டும்), குழாய் வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, புஷ்ராடைக் கையால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். டப்பாவில் 'குபுக்' என்று ஒரு குமிழி வந்தது, அப்பா எட்டிப் பார்த்து, "வந்துட்டான்" என்றார். பிஸ்டன் வெளியே தாவாமல் கை வைத்திருங்கள், ஸ்லேவ் கையில் இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது. திரும்ப மாட்டி இன்னும் ஐந்தாறு மிதி. நிப்பிளை இறுக்கும்போது பலம் காட்டாதீர்கள், பொடி நிப்பிள், முறிந்துவிடும்.

சோதனைக்கு எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்ச்சை மிதித்து மூன்று எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழவேண்டும். அப்புறம் சாலையில் நெல் காயப்போட்டிருக்கிற பக்கம் ஒரு சுற்று. பாதி ரோடு நெல், எதிரே டிராக்டர், அரைக் கிளட்ச்சில் ஊர்ந்தே ஆகவேண்டும். இதைவிட நல்ல சோதனை ஓட்டம் எந்தக் கம்பெனியும் தராது. ராத்திரி ஸ்லேவுக்கு நேர் கீழே பழைய செய்தித்தாள் விரித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் தாள் காய்ந்திருந்து, டப்பா மட்டம் இறங்காமல் இருந்தால் முடிந்தது. பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல், புட்டியில் அடைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.