நட்பில் புதைந்த ரகசியத்தை நாவலாக்குவது எப்படி?

உளவியல் திகில் நாவல் எழுத முனைவோர், குற்றவாளி யார் என்பதற்கு முன்பாக, இரு தோழிகள் எதைப் பேசாமலே இத்தனை ஆண்டுகள் பழகினார்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கதைக்களம் கிருஷ்ணகிரி என்றால், 2004-இல் அது தருமபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்ததே கதைக்கு உதவும். அதற்கு முன் காணாமல்போன ஒருவனைப் பற்றிய பழைய தாள்களைத் தேடி நாயகி தருமபுரிக்குப் பேருந்து ஏறலாம்.

ரகசியத்தை வசனத்தில் உடைத்துவிடாதீர்கள். தோப்புப் பக்கமே போகவில்லை என்று சாதித்த தோழியின் மணிக்கட்டில், மாங்காய்க் காம்பின் பால் பட்டு வெந்த கருந்தழும்பு மறுநாள் தெரிந்ததையும், அவள் வளையலைக் கீழே இழுத்து அதை மறைத்ததையும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள். அவ்விடத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினால் கதையின் உயிரே போய்விடும் என்பது என் உறுதியான கருத்து. நாயகியின் நினைவு தடுமாறலாம். ஆனால் அவள் கண்ட அந்தத் தழும்பை இறுதிவரை மாற்றாதீர்கள்.