கைப்பையில் எண்ணெய், ஷாம்பு, தொக்கு: ஏர்போர்ட் செக்யூரிட்டியில் எதையும் விட்டுவிடாமல் போவது எப்படி?

அம்மா காய்ச்சிக் கொடுத்த கரிசலாங்கண்ணி எண்ணெயை என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் செக்யூரிட்டி மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். 200 மில்லி பாட்டிலில் கால்வாசிதான் இருந்தது. கைப்பையில் திரவம் எதையும் 100 மில்லி வரை கொண்டுபோகலாம் என்று படித்திருந்தேன், இதுவோ வெறும் 50 மில்லி, அப்புறம் ஏன் எடுத்தார்கள் என்று விமானத்தில் உட்கார்ந்த பிறகும் புரியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்து, நான்கைந்து பயணங்களில் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எது திரவம் என்று முதலில் பிரியுங்கள்

தண்ணீர், ஷாம்பு மட்டும் இல்லை. டூத்பேஸ்ட், க்ரீம், ஜெல், ஸ்ப்ரே, தேன், நெய், ஜாம், தயிர், தக்காளித் தொக்கு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். பிதுக்கினால் வருகிறதா, கரண்டியில் எடுத்துத் தட்டில் வைத்தால் பரவுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் திரவமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சோப்புக்கட்டி இதில் வராது. இட்லிப் பொடி உலர்ந்த பொடியாக இருக்கும்வரை வராது, எண்ணெய் விட்டுக் குழைத்துவிட்டால் வந்துவிடும். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் மட்டும் பொடியிலும் கவனமாக இருங்கள், 350 மில்லி அளவைத் தாண்டினால் தனியாகச் சோதிப்பார்கள். சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடி மூட்டையைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுவதே நல்லது.

2. பாட்டிலின் அளவைப் பாருங்கள், உள்ளே இருப்பதை அல்ல

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். விதி சொல்வது பாட்டிலின் கொள்ளளவை. 200 மில்லி பாட்டிலில் ஒரு சொட்டு இருந்தாலும் அது 200 மில்லி பாட்டில்தான். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரின் பாட்டிலிலும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது, வெளியே அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். பாதி தீர்ந்த 150 கிராம் டூத்பேஸ்ட்டுக்கும் இதே கதிதான். வீட்டிலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி அந்த எண்ணைப் படியுங்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

மாற்றுகிற பாட்டிலிலும் அளவு அச்சிட்டிருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எண்ணே இல்லாத பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே வாதாட முடியாது. தட்டித் திறக்கும் மூடி வேண்டாம், திருகுமூடி வாங்குங்கள். மேலே போனதும் கேபினுக்குள் காற்றழுத்தம் குறையும், பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். அதனால் வாய்வரை நிரப்பாமல், லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியைத் திருகுங்கள். இப்போது அம்மாவின் எண்ணெய் இரண்டு 50 மில்லி பாட்டில்களில் என்னோடு வருகிறது. ஒருமுறைகூட ஒழுகவில்லை.

3. ஒரே ஒரு ஜிப் கவர்

இந்தப் பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து, ஒரு லிட்டர் கொள்ளும் தெளிவான ஜிப் கவருக்குள் அடங்க வேண்டும், ஆளுக்கு ஒன்று. சுமாராக 20க்கு 20 செ.மீ. ஜிப் முழுவதும் மூட வேண்டும், பிதுங்கிக்கொண்டு நின்றால் எதையாவது எடுக்கச் சொல்வார்கள். கவரைப் பையின் மேல்பக்கம் வைத்து, சோதனையில் தனியாக டிரேயில் போடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம்.

4. வழியில் விமானம் மாறுகிறவர்கள்

டியூட்டி ஃப்ரீயில் வாங்கும் பெர்ஃப்யூம், மது 100 மில்லிக்கு மேல் இருந்தாலும், கடையிலேயே சீல் வைத்த கவரில் ரசீதோடு போட்டுத் தருவார்கள். கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அதைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால், வழியில் வரும் அடுத்த சோதனையில் அது சாதாரண பாட்டில் ஆகிவிடும்.

சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டில் 1, 2, 3 டெர்மினல்களில் சோதனை போர்டிங் கேட் வாசலில்தான் நடக்கும். உள்ளே வந்துவிட்டோமே என்று கடையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போனால், அங்கே குடித்து முடிக்க வேண்டியதுதான்.

சில ஏர்போர்ட்டுகளில் புது ஸ்கேனர் வந்து விதியைத் தளர்த்தியிருப்பது உண்மைதான். ஆனால் லண்டன் சிட்டி ஏர்போர்ட் 2023இல் 2 லிட்டர் வரை அனுமதித்துவிட்டு, 2024 ஜூனில் பழைய 100 மில்லிக்கே திரும்பியது. அதனால் உங்கள் பாதையில் எந்த ஏர்போர்ட் ரொம்பக் கண்டிப்போ அதற்குத் தகுந்தபடிதான் பை கட்ட வேண்டும். திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பின்சேர்க்கை: கைக்குழந்தையோடு போகும் ஒரு வாசகி பால் பற்றிக் கேட்டிருந்தார். குழந்தையின் பால், உணவு, பயணத்துக்கு வேண்டிய மருந்து இவற்றுக்கு 100 மில்லிக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஜிப் கவரில் திணிக்காமல் தனியாக எடுத்து வைத்து, சோதனைக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மருந்துக்கு டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும், இன்சுலின் போடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

இன்னொன்று: எண்ணெய்க்குப் பதில் கொப்பரையைக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் வகையில் அதை வைத்திருக்கிறார்கள். கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது.