நாற்சார் வீட்டின் கூரையைப் பிரிப்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் பழைய நாற்சார் வீட்டை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய வீட்டை, திருத்த முனைவோர் பெரும்பாலும் ஓடாவியை (தச்சரை) அழைத்தவுடனேயே கூரை ஓடுகளை இறக்கத் தொடங்கிவிடுகின்றனர். அதற்கு முன் ஒரு வாரத்தையாவது மரங்களைப் பார்ப்பதற்கும் அளப்பதற்கும் எழுதுவதற்கும் ஒதுக்குங்கள். கழற்றிக் குவித்த பின்னர், எந்தக் கைமரம் (ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரம்) எந்த வளையில் (கைமரங்களைத் தாங்கும் கிடை மரம்) இருந்தது என்பதை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவராலும் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் கூரை மூடப்பட வேண்டும் என்பதால், மாசியில் தொடங்குவது நல்லது.

முற்றத்தை நடுவில் வைத்துத் தரைப்படம் வரையுங்கள். தலைவாசலில் தொடங்கி வலமாகச் சுற்றி, ஒவ்வொரு தீராந்திக்கும் (குறுக்கு உத்திரத்திற்கும்) வளைக்கும் கைமரத்திற்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதே இலக்கத்தைத் தகரத் துண்டொன்றில் பொறித்து மரத்தில் கட்டிவிடுங்கள். இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளைக் கட்டிய தச்சர்கள் ஓக் மரச் சட்டங்களை முதலில் நிலத்தில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டின் இரு பக்கங்களிலும் உளியால் உரோம இலக்கங்களை வெட்டிய பின்னரே அவற்றை நிமிர்த்தினார்கள். கென்ற் மாவட்டத்தில் இருந்த 15ஆம் நூற்றாண்டுப் பேலீவ் பண்ணை வீடு, நீர்த்தேக்கம் ஒன்றுக்காக அகற்றப்பட வேண்டி வந்தபோது, சட்டம் சட்டமாகக் கழற்றப்பட்டு, சசெக்சில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது.

ஆனால் அங்கே பாரம் முழுவதையும் மரச்சட்டமே தாங்குகிறது. இடையிலுள்ள சுவர், வரிச்சில் மண் அப்பிய வெறும் மறைப்பு. நமது வீட்டில் சுண்ணாம்புக் கல்லால் எழுந்த சுவரே கூரையைத் தாங்குவதால், மரம் சுவருக்குள் நுழையும் இடத்தையே முதலில் சோதிக்க வேண்டும். சுவரின் பழைய சாந்தை உரித்துச் சீமெந்து பூசிய வீடுகளில் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, வளையின் நுனியை உக்க வைக்கிறது. இங்கிலாந்திலும் பழைய ஓக் சட்டங்களுக்கு இதே சீமெந்தால் இதே கேடு நேர்ந்திருக்கிறது. ஆகவே சுவரை மூடும்போது சுண்ணாம்புச் சாந்தையே கேட்டு வாங்குங்கள். ஆள் கிடைப்பது கடினம் என்றாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து, முற்றத்தின் நான்கு மூலைகள். இரண்டு தாழ்வாரங்களின் நீரும் ஒன்றாக வந்து விழும் இடம் அதுவாகையால், நீரை ஏந்திச் செல்லும் ஒரு பீலி விலகினாலும் மூலை மரம் ஊறிப்போகும். கூரையில் உள்ள பனைமரம் வெளியே வைரமும் உள்ளே மென்மையுமாக இருப்பதால், உள்ளே உக்கியது கண்ணுக்குத் தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் குத்தூசியைச் செலுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் படத்தில் குறியுங்கள். நுனி மட்டும் பழுதென்றால் முழு மரத்தையும் எறியாமல், பழுதான பகுதியை வெட்டி, அதே வைரமுள்ள பனந்துண்டைச் சாய்வாகப் பொருத்தி ஆணியிடச் சொல்லுங்கள்.

வீட்டின் வயதை அறிய விரும்புவோர் ஒன்றை உணர வேண்டும். ஓக் ஆண்டுதோறும் வளையமிடுவதால், அது எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்பதையும் பல வேளைகளில் கணிக்க முடிகிறது; பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. எனவே காணி உறுதியையும், ஓட்டின் அடிப்பக்கத்து முத்திரையையும் பாருங்கள். மங்களூரில் பாசல் மிசன் என்ற கிறித்தவ மிசனரி அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதன் முத்திரை உள்ள ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் கூரை பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், ஓட்டின் வயதைச் சுவரின் வயதாகக் கொள்ளக் கூடாது.

புதிதாகப் பொருத்தும் ஒவ்வொரு துண்டிலும், மேலே மறையும் பக்கத்தில், அந்த ஆண்டை உளியால் வெட்டச் சொல்லுங்கள். படத்தின் ஒரு பிரதியைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.